கதவடியில் ஒரு பை

9 செப்டம்பர் 2024, திங்கள்

ஆஸ்பத்திரி வேலைக்கு இன்று எனக்கு லீவு. வெளியே மழை. என் மனுசன் கஜீவன் விடியலிலிருந்தே ரீவிக்கு முன்னால் இருக்கிறார். அமெரிக்காவில் இப்போதுதான் ஞாயிறு மத்தியானம். அமெரிக்கன் ஃபுட்பால் சீசனின் முதல் ஆட்டங்கள். ஒவ்வொரு அணியிலும் பந்தை உதைத்து அனுப்புகிறவன் மைதானத்துக்குள் வரும்போது மட்டும் கதிரையில் முன்னுக்குச் சாய்கிறார். மற்ற நேரம் தேத்தண்ணீர் ஆறிப்போகிறது.

அவருடைய வேலையும் அந்த உதைதான். தன் அணியால் இனி முன்னேற முடியாது என்று ஆனபிறகு உள்ளே போய், பந்தை உயர அடித்து எதிரணியின் எல்லைப்பக்கம் தள்ளிவிட்டு வெளியே வருவது. தன் ஆட்கள் தோற்று நிற்கும்போது மட்டும் கூப்பிடப்படுகிற ஆள். ஒன்பது வருடத்தில் ஏழு அணிகள். ஒஹையோ, டெக்ஸாஸ், புளோரிடா, திரும்பவும் டெக்ஸாஸ். எதிலும் இரண்டாவது சீசன் இல்லை. போன மாதக் கடைசியில் ஏழாவது அணியும் விட்டுவிட்டது. வயது முப்பத்தொன்பது.

பை கதவடியில் இருக்கிறது. பூட்ஸ், கொஞ்சம் உடுப்பு, பாஸ்போர்ட். யாராவது கூப்பிட்டால் அன்றைக்கே பறக்க வேண்டும் என்று அதைப் பிரிப்பதில்லை. வேறு வேலைக்கும் எழுதிப் போடுவதில்லை. ராகவி பள்ளிக்கூடம் போகும்போது அதில் தடுக்கினாள்.

"டாட், ஆர் யூ ஸ்டேயிங் ஓர் வாட்?"

பதினாலு வயது மகள் கேட்கிற கேள்வியா இது? அவர் சிரித்தார்.

15 செப்டம்பர், ஞாயிறு

வீட்டுக்குப் பக்கத்தில் கிரான்பர்ன் மைதானம். அவர் அடிக்க அடிக்க, மறுபக்கத்தில் நின்று பந்து பொறுக்கினேன். நல்ல அடியின் சத்தம் எனக்கு இப்போது தெரியும். இன்று எல்லாமே நல்ல அடி. அதுதான் பொறுக்கவில்லை.

18 செப்டம்பர், புதன்

தொலைபேசி இன்றும் அடிக்கவில்லை. அங்கே செவ்வாய்தான் ஆள் எடுக்கிற நாள், இங்கே அது புதன். இனி அடுத்த புதன்.

22 செப்டம்பர், ஞாயிறு

கோயில். அர்ச்சனைத் தட்டை நீட்டியதும் ஐயர் என்னைக் கேட்காமலே "கஜீவன், ஆயிலியம்" என்று தொடங்கிவிட்டார். ஒருதரம் சொன்ன பெயரை அவர் மறப்பதில்லை. அத்தனை தடவை இந்தப் பெயருக்குச் செய்திருக்கிறேன் என்பதும் உண்மை.

ரஞ்சினி அன்ரி செருப்பு வைக்கிற இடத்தில் பிடித்துக்கொண்டா.

"என்ன பிள்ளை, உம்மட மனுசன் இன்னும் பந்துதான் உதைக்கிறாரோ?"

"ஓம் அன்ரி."

"எங்கட சுகிர்தனுக்கு ரெண்டு வருசம் குறைவு. இப்ப மனேஜர்."

நான் சிரித்தேன். ஒன்பது வருடமாக இதே சிரிப்பு. ஒன்றைத்தான் கேட்டுவிட்டு வந்தேன் — ஒரு இடம் கிடைக்கட்டும், முருகா. எப்படிக் கிடைக்கும் என்று நினைத்துப் பார்க்கவில்லை.

7 ஒக்ரோபர், திங்கள்

எழுதவேண்டும், இல்லாவிட்டால் நாளைக்கு என்னையே ஏமாற்றுவேன்.

இன்று விடிய ஆட்டத்தில் டெரெக் என்கிறவன் விழுந்தான். ஒஹையோ அணியில் பந்து உதைக்கிறவன். அடித்து முடித்த காலின்மேல் எதிராளி ஒருவன் வந்து சரிந்தான். மெதுவாகத் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். எக்ஸ்ரே எடுப்பது என் தொழில். கணுக்கால் எந்தப் பக்கம் போனது என்று கண்டேன்.

கஜீவன் எழுந்து நின்றுவிட்டார். "முறிஞ்சிட்டுதோ, கௌரி?"

"முறியேல்லை. நார் கிழிஞ்சிருக்கும். நாலஞ்சு கிழமை எண்டாலும் செல்லும்."

அதைச் சொன்னபோது என் குரலில் என்ன இருந்தது? துக்கம் இல்லை. சொல்லி முடித்த பிறகுதான் கமரா பார்வையாளர் பக்கம் திரும்பியது. ஒரு பெண், இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். அவன் மனைவி.

அவர் குளிக்கப் போனார். நான் அவருடைய பூட்ஸைத் துடைத்து வைத்தேன். ஒருவரும் என்னிடம் கேட்கவில்லை. நானாகத் துடைத்தேன்.

9 ஒக்ரோபர், புதன்

கூப்பிட்டுவிட்டார்கள். எட்டாவது அணி, டெரெக்கின் ஒஹையோ. விமான நிலையத்தில் ராகவி ஃபோனைவிட்டுத் தலை நிமிரவே இல்லை. "போட்டு வாறன்" என்றார். பை போன இடத்தில் கார்ப்பெட் நிறம் வேறாக இருக்கிறது.

14 ஒக்ரோபர், திங்கள்

நன்றாக அடித்தார். வர்ணனைக்காரன் பெயரைக் கடித்துத் துப்பினான். ராகவி, "தட்ஸ் நாட் ஹிஸ் நேம்!" என்று ரீவியைப் பார்த்துக் கத்தினாள். அவளுக்கும் அக்கறை இருக்கிறது. பிறகு தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

2 நவம்பர், சனி

கந்தசஷ்டி தொடக்கம். பாலும் பழமும். வழக்கமாக எதற்காக விரதம் என்று எனக்குத் தெரியும். இம்முறை தெரியவில்லை.

5 நவம்பர், செவ்வாய்

கப் டே, குதிரைப் பந்தயத்துக்கு ஊரெல்லாம் லீவு. காலையில் ஃபோனில் கதைத்தார்.

"டெரெக்கின்ர மனுசி லசானியா கொண்டுவந்து தந்தவ. நான் ஹோட்டல் சாப்பாடாம் எண்டு. அவன் தன்ர கதிரையில இருந்துகொண்டு எனக்குக் காத்து எந்தப் பக்கம் எண்டு சொல்லித் தாறான். என்ர இடத்தில நிக்கிறாய் எண்டு ஒரு சொல்லு இல்லை. அவன்ர காலைப் பார்க்க ஏலாமல் கிடக்கு, கௌரி."

"எப்பிடி இருக்கு கால்?"

"மெதுவா ஓடுறான்." உடனே கேட்டார்: "சூரன்போர் எப்ப?"

"வியாழன்."

"என்ர பேரில ஒண்டு செய்துவிடு."

அவன் ஓடினால் இவர் வீட்டுக்கு வருவார். அவன் ஓடாவிட்டால் இவர் அங்கேயே. முருகனிடம் எதைக் கேட்க? இதைக் கஜீவன் நினைத்துப் பார்த்திருப்பாரா? ஒன்பது வருடமும் இதை நினைத்துக்கொண்டேதானா ஒவ்வொரு ஊரிலும் படுத்தார்?

7 நவம்பர், வியாழன்

சூரன்போர். நல்ல சனம். பிள்ளைகள் தோளில் ஏறி நின்று பார்த்தார்கள். அர்ச்சனைக்கு வரிசை.

என் தட்டைக் கண்டதும் ஐயர், "கஜீவன், ஆயிலியம்" என்றார்.

"இல்லை ஐயா. டெரெக்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "நட்சத்திரம்?"

"தெரியாது."

"அப்ப சுவாமி பேரில செய்வம், பிள்ளை."

"இல்லை ஐயா. அந்தப் பேரிலயே செய்யுங்கோ. கால் சுகமாக வேணும்."

பின்னாலிருந்து ரஞ்சினி அன்ரி, "ஆர் பிள்ளை உது, வெள்ளைக்காரனோ? வேலையிடத்தில ஆரும் சுகமில்லையோ?"

"ஓம் அன்ரி. வேலையிடத்திலதான்."

அந்தப் பெண்ணின் கைகளை நினைத்துக் கேட்டேனா? என் மனுசன் வீட்டுக்கு வரட்டும் என்று கேட்டேனா? நாளைப் பாரணைக்கு அரிசி எடுத்து வைத்தபோதும் யோசித்தேன். ரெண்டுந்தான் போல கிடக்கு. எது முதல் எண்டு தெரியேல்லை.

கஜீவன் பெயருக்குச் செய்யவில்லை. வரிசையில் திரும்ப நின்றிருக்கலாம். நிற்கவில்லை.

13 நவம்பர், புதன்

விட்டுவிட்டார்கள். டெரெக் இந்த ஞாயிறு விளையாடுகிறான்.

16 நவம்பர், சனி

வந்துவிட்டார். சந்தோஷப்படுவேன் என்றுதான் நினைத்திருந்தேன். வாசலில் நின்ற முகத்தைப் பார்த்ததும் குசினிக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டேன்.

சாப்பிடும்போது கேட்டார்: "அர்ச்சனை செய்தனியோ?"

"ஓம்."

"ம். இந்தமுறை முருகன் கேக்கேல்லை."

நான் பொய் சொல்லவில்லை. ஒரு சொல்லும் பொய்யில்லை.

பையைப் பழைய இடத்திலேயே வைத்தார்.

2 டிசம்பர், திங்கள்

டெரெக்கின் ஆட்டம் பார்த்தார். "நல்லா அடிக்கிறான், பாவி" என்றார், முகத்தில் கோபமில்லாமல். ஆட்டம் முடியுமுன் ரீவியை நிறுத்திவிட்டு வெளியே போய்ப் புல்லு வெட்டினார். மழை ஈரத்தில் யார் புல்லு வெட்டுவார்கள்?

மைதானத்துக்குப் போவதில்லை. நானும் கேட்பதில்லை.

14 ஜனவரி 2025, செவ்வாய்

பொங்கல். மூன்று பேருமாகக் கோயிலுக்குப் போனோம். வருடக்கணக்கில் இது முதல் தடவை. தை மாதத்தில் அவர் எப்போதும் எங்கேயாவது பனிக்குள் ஓடிக்கொண்டிருப்பார்.

ஐயர் அவரைக் கண்டதும் முகம் மலர்ந்தார். "வாங்கோ, ஆயிலியம்!" என்று சிரித்துக்கொண்டு அர்ச்சனையை முடித்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"மற்றவருக்கும் செய்யவோ, பிள்ளை? சூரன்போருக்குச் செய்தமே. கால் நோ எண்டு. டெரெக்."

மறக்கமாட்டார் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ராகவி என்னைப் பார்த்தாள், பிறகு அப்பாவை. நான் தட்டில் இருந்த வெற்றிலையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கஜீவன் அசையவில்லை. வரிசை பின்னால் நீண்டுகொண்டே போனது. ஐயர் பூவைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

"செய்யுங்கோ ஐயா" என்றார் அவர்.

"நட்சத்திரம்தான் தெரியாது எண்டவ."

"மார்ச்சில பிறந்தவன். அவ்வளவுதான் எனக்கும் தெரியும்."

திரும்பும்போது அவர்தான் கார் ஓட்டினார். மைதானத்தைக் கடக்கும்போது வேகம் குறையவில்லை.

வீட்டுக்கு வந்து பொங்கலுக்குத் தயிர் எடுத்துக்கொண்டு திரும்பினால், அவர் கதவடியில் குந்தியிருந்து பையைப் பிரித்துக்கொண்டிருந்தார். உடுப்பைத் தோய்க்கிற கூடைக்குள் போட்டார். பூட்ஸைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தார்.

"எப்ப தெரியும் உனக்கு?" என்றார், என்னைப் பார்க்காமல். "நான் திரும்பிப் போகமாட்டன் எண்டு."

"எனக்குத் தெரியாதப்பா."

"எனக்கும் தெரியாது" என்றார்.

ராகவி மெல்ல வந்து, ஸ்கூல் காம்ப்புக்கு அந்தப் பையை எடுக்கலாமா என்று கேட்டாள். தமிழில் கேட்டாள். அவர் கவிழ்த்து ஒருதரம் தட்டினார். எந்த ஊர்ப் புல்லோ, காய்ந்தது, கார்ப்பெட்டில் கொட்டியது. பையை அவளிடம் கொடுத்தார்.

இன்று அந்தப் புல்லை நான் கூட்டவில்லை. நாளைக்குப் பார்க்கலாம்.