நடுப்பட்டையில் நான்கு மடங்கு

மஸ்கட், 14.11.2025

அன்புள்ள ஆரிபாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். உன் முழங்கால் வலி தணிய துஆ செய்கிறேன். என் மனக்குறைகள்:

1. 03.11.2025: இயற்பியல் பாடத்தில், ஒளி புகும் இரட்டைப் பிளவில் ஒன்று மட்டும் திறந்திருப்பதைவிட, இரண்டும் திறந்தால் திரையில் விழும் நடுப்பட்டையின் ஒளிச்செறிவு நான்கு மடங்கு என்று நம் மகள் இஃபாத் சரியாக எழுதினாள். கல்லூரி ஆசிரியர் அதை அடித்து, ‘இரண்டு’ என்று திருத்தினார்.
2. 06.11.2025: ஏனென்று கேட்டவளை வெளியே நிறுத்தினார்.
3. 10.11.2025: அவளையே மன்னிப்புக் கடிதம் எழுதச் சொன்னாய் நீ.

இன்று விடுமுறை. அலுமினியத் தாளில் பிளேடால் இரண்டு கீறலிட்டு, லேசர் ஒளியை அவற்றின் வழியே சுவரில் விழச் செய்தேன்.

“என்ன நானா, செவுத்துல பெருநாளா?” என்று, என்னை அண்ணன் முறையில் அழைக்கும் அறைத்தோழன் அஸ்கர் சிரித்தான்.

ஒளியளக்கும் மீட்டர் ஒரு கீறலுக்குப் பத்து காட்டியது. இரண்டுக்கும் நடுவில் முப்பத்தொன்பது, அடுத்த பட்டையில் ஏறக்குறைய இருள். அங்கே குறைந்த ஒளிதான் நடுவில் கூடுகிறது. அஸ்கர் சிரிப்பை நிறுத்திவிட்டான்.

சண்டை வேண்டாமென்ற உன் நல்ல மனத்தை அறிவேன், ஆரிபா. ஆனால் சரியாகச் சொன்னதற்கு என் மகள் மன்னிப்புக் கேட்க மாட்டாள்.

நாளை ஊர் வரும் அஸ்கரிடம் இக்கடிதத்தோடு கீறலிட்ட அந்தத் தாளையும் தருகிறேன். மன்னிப்புக் கடிதத்துக்குப் பதிலாக அதை இஃபாத் ஆசிரியரின் மேசையில் வைக்கட்டும். திரும்பும் அவனிடம் என் பழைய போர்வையைக் கொடு, துவைக்க வேண்டாம். கடைப் போர்வையில் உறக்கம் பிடிக்கவில்லை.

மன்னிப்புக் கடிதம் கிழிக்கப்பட்டது என்று, நீங்கள் இருவரும் கையெழுத்திட்ட பதில் 19.11.2025 புதன்கிழமைக்குள் படமாக எனக்கு வந்தாக வேண்டும்.

உன்
ஜவஹர் அலி