இரவல் திருவலை

அன்புத் தங்கச்சிக்கு,

முந்தலில் ஒரு வாடகை அறையிலிருந்து எழுதுகிறேன். பெண்களுக்கு எதிரான வன்முறையைத் தடுக்கச் சிறு உதவித்தொகை வாங்கிய குழுக்களை மதிப்பிடும் வேலை. இது ஒன்பதாவது ஊர். எங்கு போனாலும் அதே பிளாஸ்டிக் கதிரை, அதே பிளேன்ரீ, கேட்டுக் கேட்டு எனக்கே அலுத்துப்போன அதே கேள்விகள்.

இன்று புளோறன்ஸ் என்ற கருவாடு போடும் பெண்ணிடம், "அடி விழுந்தால் யாரிடம் முறைப்பாடு செய்வீர்கள்?" என்று வாசித்தேன்.

"முறைப்பாடோ?" என்று சிரித்தாள். "புருசன் பக்கத்தில நிக்கக்குள்ள என்னத்தைச் சொல்லுறது மிஸ்? தேங்காய் திருவுற திருவலையைப் பக்கத்து வீட்டில இரவல் கேப்பம். கேட்டாலே அவங்களுக்கு விளங்கிடும். பிறகு எல்லாரும் சேந்து போய், குடுத்த திருவலையைத் தாங்க எண்டு அடி விழுந்த வீட்டு வாசல்ல இருந்திடுவம். இந்தக் கரை முழுக்க அப்பிடித்தான்."

அதற்குக் கேள்வித்தாளில் கட்டம் இல்லை. பேனையை மூடிவிட்டேன்.

நீ வாழ்க்கைப்பட்டதும் இந்தக் கரையில்தான். மாசியில் தொலைபேசியில் கேட்டாய்: "அக்கா, உங்கட திருவலையை ஒருக்கா தாறீங்களா?" உன் கலியாணத்துக்கு நான் வாங்கித் தந்தது இருக்க, இது எதற்கென்றுகூட நான் கேட்கவில்லை. வேலைக் களைப்பு. புதிதாக ஒன்று வாங்கி பஸ்ஸில் அனுப்பிவிட்டு அத்தோடு மறந்துபோனேன். அதன்பிறகு நீ என்னிடம் எதுவும் கேட்டதில்லை.

இந்தக் கடிதத்தைப் புளோறன்ஸே உன் கையில் தருவாள். படித்ததும் அடுப்பில் போடு.

ஞாயிறு பூசை முடிந்ததும் என் திருவலையைத் திருப்பி வாங்க வருகிறேன். புளோறன்ஸும் இந்தக் கரைப் பெண்களுமாகப் பதினொரு பேர் வருகிறோம்.

உன் அக்கா