இருபது என்று எழுதாதவளுக்கு

இன்று காலை டூட்டி மாறும்போது நான்காம் கட்டிலின் சார்ட்டைக் கையில் எடுத்தேன். மூச்சு எழுதும் கட்டத்தில் மேலிருந்து கீழே இருபது, இருபது, இருபது. நீ என் பக்கத்தில் நின்று உதட்டைச் சுழிப்பது போலவே இருந்தது. அதன்பிறகு நடந்ததை உன்னிடம் சொல்லாமல் எனக்குச் சோறு இறங்காது. புதுவாயலில் பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்கு வந்ததும், யூனிஃபார்ம்கூட மாற்றாமல் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

நாம் இருவரும் ஒரே வார்டில் வேலை பார்த்த காலத்திலும் எல்லோரும் இருபதுதான் எழுதுவோம். காய்ச்சலுக்குத் தெர்மாமீட்டர், பிரஷருக்குக் கருவி, மூச்சுக்கு மட்டும் குருட்டாம்போக்கு. நானும் கூசாமல் எழுதியிருக்கிறேன். நீ ஒருத்திதான் ஒவ்வொரு கட்டிலிலும் ஒரு முழு நிமிடம் நிற்பாய். எண்ணுகிறோம் என்று தெரிந்தால் நோயாளியின் மூச்சு மாறிவிடும் அல்லவா? அதனால் நாடி பார்ப்பது போல் கையைப் பிடித்துக்கொண்டு கண்ணை வயிற்றில் வைத்திருப்பாய். "கையப் புடி, வவுத்தப் பாரு. இந்தப் பொய்க்குப் பாவம் கெடையாது," என்பாய். உன்னால் நாஷ்டாவுக்கு நேரமாகிறது என்று எத்தனை நாள் உன் மேல் எரிந்து விழுந்திருக்கிறேன்.

படிக்கும் காலத்தில், உடற்கூறு பரீட்சைக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, நீ கறிக்கடையில் மூச்சுக்குழாயோடு ஆட்டு நுரையீரல் வாங்கி வந்தாயே. கடைக்காரர் குழம்புக்கா என்று கேட்டதற்குப் பரீட்சைக்கு என்றாயாம். ஹாஸ்டல் துவைக்கிற கல்லின் மேல் அதை வைத்து, வாட்ச்மேனிடம் கெஞ்சி வாங்கிய சைக்கிள் பம்பைச் செருகி என்னை அடிக்கச் சொன்னாய். கசங்கிக் கிடந்தது புசுபுசுவென்று ரோஜா நிறத்தில் எழுந்தது. நான் கத்தியே விட்டேன். பம்பை எடுத்ததும் சுருங்கிவிட்டது.

"பாத்தியா, இது தானா ஒண்ணியும் பண்ணாது. கீழ கீற தசை இழுத்தாத்தான் உண்டு. அதான் வவுத்தப் பாருன்றேன்," என்றாய் உன் ஊத்துக்கோட்டைப் பேச்சில். உதரவிதானம், உதரவிதானம் என்று மூன்று நாள் நான் உருப்போட்டது அப்போதுதான் புரிந்தது. அன்று ஹாஸ்டல் வார்டன் நம்மைத் திட்டிய திட்டு தனிக்கதை.

உன் நுரையீரலே உன்னைக் கைவிட்ட அந்தக் கடைசி வாரத்தில், உன் கையைப் பிடித்தபடி பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். எவ்வளவு என்று கேட்டாய். உன்னிடம் என் நடிப்புச் செல்லுமா? இருபது என்றேன். மூச்சு வாங்க வாங்கச் சிரித்தாய். "எண்ணாதவ சொல்ற நம்பருடி அது." நான் எண்ணித்தான் இருந்தேன். நாற்பதை நெருங்கியிருந்ததைச் சொல்ல வாய் வரவில்லை. இத்தனை நாள் கழித்து இப்போதுதான் ஒப்புக்கொள்கிறேன்.

சரி, நான்காம் கட்டிலுக்கு வருகிறேன். அதில் இருந்த பெரியவர் முப்பது வருஷம் இரும்பு ஆலைப் புகையைக் குடித்தவர். நாள்பட்ட மூச்சடைப்பு நோய். நேற்று திணறிக்கொண்டு வந்து சேர்ந்திருக்கிறார். மூக்கில் ஆக்ஸிஜன் குழாய். மகன் கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஒரு பட்டறையில் கேஸ் வைத்து இரும்பு வெட்டுகிறவன். நைனா இப்போதுதான் அசந்து தூங்குகிறார், எழுப்பாதீர்கள் என்று மெல்லிய குரலில் கெஞ்சினான். விரலில் மாட்டிய கருவி ஆக்ஸிஜன் அளவு தொண்ணூற்றொன்பது என்று காட்டியது. சார்ட்டில் இருபது. நானும் அடுத்த கட்டிலுக்குப் போயிருப்பேன். ஆனால் என் கை அவர் மணிக்கட்டுக்குப் போய்விட்டது, கண் வயிற்றுக்கு.

ஒன்பது! நம்பாமல் இன்னொரு நிமிடம் எண்ணினேன். ஒன்பதேதான். தோளை உலுக்கினேன். முனகினாரே தவிர, கண் திறக்கவில்லை. திரும்பி ஆக்ஸிஜன் மீட்டரைப் பார்த்தால், இரண்டில் நிற்க வேண்டிய உருண்டை எட்டில் நிற்கிறது.

மகன் முகம் வெளுத்துவிட்டது. "நான்தான் சிஸ்டர் ஏத்துனேன். தெனம் சிலிண்டரு தொறக்கறவன். பெத்தவருக்குக் காத்தைக் கம்மியா வுட்டுக்கினு கீறாங்களேன்னு வவுறு எரிஞ்சிச்சு."

எனக்கு அவன் மேல் கோபமே வரவில்லை. சுடர் தணிந்தால் திருகைத் திறப்பதுதான் அவன் தொழில். கரியமிலவாயு தேங்கித் தேங்கிப் பழகிப்போன நுரையீரலுக்கு ஆக்ஸிஜன் அளவு மீறினால், கழிவுக்காற்று இன்னும் உள்ளே சேர்ந்து ஆளையே மயக்கிவிடும் என்று அவனுக்கு யார் சொன்னார்கள்? தொடாதே என்று மட்டும் சொல்லியிருக்கிறோம், ஏன் என்று சொல்லவில்லை.

டாக்டரைக் கூப்பிடச் சொல்லிக் குரல் கொடுத்துக்கொண்டே ஆக்ஸிஜனை இரண்டுக்கு இறக்கினேன். பதறிப்போய் அடியோடு மூடிவிடவில்லை; திடீரென்று நிறுத்தினால் அதுவும் ஆபத்து. நீ இருந்திருந்தால் அதையே முதலில் பார்த்திருப்பாய். கட்டிலின் தலைமாட்டை உயர்த்தி அவரை நிமிர்த்தினேன். டாக்டர் ஓடி வந்து ரத்தத்தைச் சோதித்து, மூச்சுக்குத் துணைசெய்யும் முகமூடி இயந்திரத்தை மாட்டினார். கொஞ்ச நேரத்தில் பதினொன்று. அப்புறம் பதின்மூன்று. எனக்குக் குதிக்க வேண்டும் போலிருந்தது. மகன் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தான். ஏறுகிறதுப்பா, ஏறுகிறது என்று அவனிடம் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

பதினொரு மணி வாக்கில் பெரியவர் கண் திறந்தார். முகமூடியை ஒரு பக்கம் தள்ளிவிட்டு என்னை முறைத்தார்.

"இன்னாம்மா, எத்தினி நேரமா கையப் புட்ச்சிக்கினு கீற? வுடும்மா."

மகன் ஓவென்று அழுதுவிட்டான். எனக்கு ஒரே சந்தோஷம். முகமூடியைச் சரியாகப் பொருத்திவிட்டு, நாடி பார்க்கிறேன் ஐயா என்று சொல்லி இன்னொரு முழு நிமிடம் கையைப் பிடித்திருந்தேன். பிறகு சார்ட்டை எடுத்து, அந்த இருபதுகளுக்கெல்லாம் கீழே பதினாறு என்று எழுதினேன்டி. எண்ணி எழுதியது.