மூலையில்லாத மாடம்

ஜூன் 4
பழைய பாலம் ஆற்றோடு போன வருஷம். கடைத்தெருவுக்கு மின்விளக்கு வந்ததும் அதே வருஷம்தான். அப்போது மேஸ்திரியோடு கூலிக்குப் போய்க் கட்டினோம் அந்த மாடி வீட்டை. இப்போது ஆஸ்பத்திரி வைக்க அதை வாங்கியிருக்கும் பல் டாக்டரம்மா, கூடத்துச் சுவரிலுள்ள பெரிய மாடத்தை அடைக்கப் போகிறாராம். வியாழக்கிழமை கொத்தனார் வருகிறாராம். அதற்குள் ஒரு தடவை பார்த்துவிட வேண்டும்.

எனக்கு எழுத்து வராது. நான் சொல்ல, மகள் எழுதுகிறாள்.

ஜூன் 5
முழங்கால் வீக்கம். "நாளைக்குப் போலாம்பா, மாடம் எங்க ஓடிடப் போவுது?" என்கிறாள். ஓடாதுதான். அடைத்துவிட்டால்?

ஜூன் 6
பார்த்துவிட்டேன். ஒரு கீறல்கூட இல்லை. உள்ளே கையை விட்டுத் தடவினேன் — குவித்த உள்ளங்கை மாதிரி, எங்கேயும் மூலையே இல்லை. நாங்களா செய்தோம் இதை?

மகள் வண்டியை நிறுத்த இடம் தேடிப் போயிருந்தாள். டாக்டரம்மா கேட்டார்: "ஏங்கய்யா, வரைபடத்துல இல்லாத பொந்து எப்படி வந்துச்சு?"

சொன்னேன். அகலச் சுவர் அது. வெளிப்பக்கத்தை முதலில் ஏற்றியிருந்தோம். உள்பக்கம் முழங்கால் உயரத்தில் நின்றது. கலவை சுமந்த என் வீட்டுக்காரி, நிழலாக இருக்கிறதென்று அதன்மேல் துணி விரித்துக் கைக்குழந்தையைப் போட்டாள். எங்களோடு வேலை செய்த நெட்டையன் செங்கல்லோடு வந்தான். "பிள்ள எந்திரிக்கட்டும்டா, அப்புறம் அடைக்கலாம்" என்றார் மேஸ்திரி. மறுநாளும் பிள்ளை அங்கேதான் தூங்கியது. அதற்கு மறுநாளும். இரண்டு பக்கமும் சுவர் வளர்ந்தது, நடுவில் பிள்ளை. கடைசியில் மேலே வளைவு கட்டிவிட்டார். வீட்டைக் கட்டச் சொன்ன முதலாளி கோபத்தில் குதித்தார். "தூங்குற பிள்ளைய எழுப்பிக் கட்டுனா வீடு வெளங்குமாங்க?" என்றார் மேஸ்திரி. மனுஷர் துண்டை உதறிக்கொண்டு கிளம்பிவிட்டார். தலை இடிக்குமென்று மூலைகளையெல்லாம் கொத்துக் கரண்டியின் முதுகால் மழுக்கியதும் மேஸ்திரிதான்.

"எந்தப் பிள்ளைப்பா?" என்கிறாள் மகள். முதலில் எழுது.

ஜூன் 7
வியாழன். ஒரு தகவலும் இல்லை. போனைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டிருந்தேன்.

ஜூன் 8
டாக்டரம்மாவே போன் செய்தார். அடைக்கவில்லையாம்! மெத்தை போடுகிறாராம். "பல்லப் புடுங்கப் பயப்படுற பிள்ளைங்க அதுல ஒளிஞ்சுக்கட்டும். ஆமா, அந்த ஆளுங்க யாராவது இருக்காங்களா?"

மேஸ்திரி புதுப் பாலம் கட்டும்போதே போய்விட்டார். நெட்டையன் மஞ்சள் காமாலையில். என் வீட்டுக்காரி போன மழைக்கு. கட்டியவர்களில் நான்தான் பாக்கி.

என்னை விட்டால், அதில் தூங்கியவள் இருக்கிறாள். ஏன் நிறுத்திட்டே? எழுதும்மா, உன்னைத்தான்.