ஜீப்புக்குப் பூசை வைத்த நாள்

அத்தான்,

எங்கள் வேலைத்தலத்தில் கை கழுவுவதற்கு இந்த மாதம் ஒரு புதுப் பசை வாங்கி வைத்திருக்கிறார்கள். மணல் போலக் குறுணி கலந்தது, கிரீஸை நன்றாக எடுக்கும். ஆனால் எலுமிச்சம்பழ மணம். முதல் நாள் உள்ளங்கையில் போட்டுத் தேய்த்ததுமே ஓடிப்போய் வெறும் தண்ணீரில் கழுவிவிட்டேன். ஒத்துக்கொள்ளவில்லையா, வேறு வாங்கவா என்று முதலாளி கேட்டார். அந்த ஜெர்மன்காரருக்கு இதை எங்கே தொடங்கி எப்படிச் சொல்வது? வேண்டாம் என்றுவிட்டு, வீட்டிலிருந்து துணி தோய்க்கிற சவர்க்காரம் கொண்டுபோய்ப் பாவிக்கிறேன்.

நீங்கள் போய் இரண்டு வருடம் முடிந்துவிட்டது. செத்தவரைப் பற்றி நல்லதைத்தான் எழுத வேண்டும் என்பார்கள். எனக்கு ஏலாது அத்தான். நீங்கள் நல்லவராக இருக்கவில்லை. அக்காவின் தம்பி என்று பத்தொன்பது வயதில் என்னை இங்கே ஜெர்மனிக்குக் கூப்பிட்டு, ஹம் நகரில் உங்கள் வீட்டு மேல் அறையில் படுக்க விட்டவர் நீங்கள்தான். அதை நான் மறக்கவில்லை, மறக்க நீங்கள் விடவும் இல்லை. கலியாண வீடோ செத்த வீடோ, நாலு பேர் கூடிய இடத்தில் "இவர் என்ரை சோத்திலை வளந்தவர்" என்றுதான் என்னை அறிமுகம் செய்வீர்கள். சொந்தமாகக் கராஜ் திறக்க எழுத வேண்டிய மைஸ்டர் சோதனையில் நான் மூன்று தரம் கோட்டை விட்டேன். அன்றிலிருந்து உங்கள் வாயில் என் பெயரே மைஸ்டர் என்றாகிவிட்டது. "மைஸ்டர், தேத்தண்ணி குடிக்கிறீரோ?" உங்கள் பிள்ளைகளும் அப்படியே கூப்பிட்டுப் பழகினார்கள். அக்கா மட்டும் தலையைக் குனிந்துகொள்வார்.

பென்ஷன் எடுத்த கையோடு ஒரு வோன்மொபில் வாங்கினீர்கள். படுக்கை, குசினி, கக்கூசு எல்லாம் உள்ளேயே இருக்கிற வீடு மாதிரியான வாகனம். அதைச் சின்ன ஊர் ஒழுங்கைகளுக்குள் திருப்ப ஏலாது என்று, பின்னால் கொளுவி இழுத்துப்போக ஒரு பழைய ஜீப்பும் வந்தது. நாலு சில்லும் இழுக்கிற ஜீப். ட்ரெய்லரில் ஏற்றி இழுங்கோ என்று நான் சொன்னேன்.

"உதுக்கொரு ட்ரெய்லரோ? நாலு சில்லு இருக்கெல்லோ, உருண்டு வரட்டும்."

இந்த நாட்டில் ரோட்டில் அப்படி இழுப்பதென்றால் தனி அனுமதி வேண்டும். அதைக் கேட்டு அன்ட்ராக் எழுதிப் போட்டீர்கள், மறுத்துவிட்டார்கள். "பழுதாப்போனதை வீட்டை கொண்டு போறன் எண்டு சொன்னா ஆர் கேக்கப் போறான்?" என்று சிரித்தீர்கள். இழுவைத் தண்டைப் பூட்டித் தந்தது நான்தான். உங்களுக்கு மாட்டேன் என்று சொல்லி எனக்குப் பழக்கமில்லை.

ஒரு சனிக்கிழமை முழுவதும் உங்கள் வீட்டு முற்றத்தில் வைத்து எல்லாம் காட்டித் தந்தேன். கியர்ப் பெட்டிக்குப் பின்னால் இன்னொரு சிறிய பெட்டி இருக்கிறது, முன் சில்லுக்கும் பின் சில்லுக்கும் இழுவையைப் பங்கிடுவது அதுதான். இழுத்துப் போகும்போது அதை நியூட்ரலில் விட வேண்டும், இல்லாவிட்டால் கியர் அரைபட்டுப் போய்விடும். ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளாதபடி சாவியை ஒரு படி திருப்பி விட வேண்டும். சங்கிலி இரண்டையும் குறுக்காக மாட்ட வேண்டும். கழற்றுவதென்றால் முதல் வேலை ஹாண்ட் பிரேக்.

"ஏன்? மேலை கியர் பார்க்கிங்கிலைதானே கிடக்கு" என்றீர்கள்.

"அந்தச் சின்னப் பெட்டி நியூட்ரலிலை நிண்டா பார்க்கிங்கிலை போட்டும் பிரயோசனமில்லை அத்தான். சில்லுக்கு ஒரு பிடியும் இராது. தண்டைக் கழட்டினா உருளும்."

"சரி சரி, பாடம் நடத்தாதையும்" என்றீர்கள். கேட்டீர்களா, கேட்கவில்லையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

வாகனங்களுக்குப் பூசை வைக்க வேண்டும் என்று ஒரு வெள்ளிக்கிழமை புறப்பட்டோம். எங்கள் கோயில் முன்பு சாமான் கிடங்காக இருந்த கட்டடம் என்பது உங்களுக்குத் தெரியும். லொறிகள் பின்பக்கமாக வந்து நிற்பதற்காக முற்றம் சரிவாகக் கிடக்கும். அந்தச் சரிவில் வோன்மொபிலைக் கீழேயும் ஜீப்பை அதன் பின்னால் மேலேயுமாக நிறுத்தினீர்கள். நான் இறங்கி, ஜீப்பின் முன் சில்லுகளுக்கு உருளாதபடி மஞ்சள் நிற பிளாஸ்டிக் கட்டை இரண்டை அண்டை கொடுத்தேன். ஐயர் வந்து பார்த்துவிட்டு, இரண்டும் கொளுவியபடி இருந்தால் எப்படி, தனித்தனியாகத்தானே எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற வேண்டும் என்றார்.

முப்பது பேர் கூடியிருப்பார்கள். ஒலிபெருக்கியில் நாதஸ்வரம் காதைக் கிழித்தது. நீங்கள் பட்டு வேட்டி, வெறும் மேல், தோளில் சால்வை. எலுமிச்சம்பழத்தைச் சில்லுக்கு முன்னால் வைக்கக் குனிந்தவர், என் கட்டைகளைக் கண்டுவிட்டு நிமிர்ந்தீர்கள்.

"உதென்ன மைஸ்டர், சாமிக்கு முன்னாலை உந்தக் குப்பை? பழம் எங்கை வைக்கிறது?"

"கொஞ்சம் பொறுங்கோ அத்தான், நான் ஜீப்புக்கு உள்ளுக்கை ஏறி..."

"மூண்டு தரம் பெயில் விட்டவர் எனக்குப் படிப்பிக்கிறார்! அங்காலை போய் வாயைப் பொத்திக்கொண்டு நில்லும்."

எல்லோரும் சிரித்தார்கள். ஐயரும் சிரித்தார். நீங்கள் காலாலேயே இரண்டு கட்டைகளையும் தள்ளிவிட்டு, அவை இருந்த இடத்தில் எலுமிச்சம்பழங்களை வைத்தீர்கள்.

நான் அங்காலே போய் நின்றேன். வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன். ஹாண்ட் பிரேக் இழுக்கப்படவில்லை என்று எனக்குத் தெரியும். சிறிய பெட்டி நியூட்ரலில் நிற்பதும் தெரியும். உருளட்டும் என்று நினைத்தேன் அத்தான். உருண்டுபோய் உங்கள் புது வோன்மொபிலின் பின்பக்கத்தில் டமார் என்று அடிக்கட்டும், முப்பது பேருக்கு முன்னால் உங்கள் முகம் கறுக்கட்டும். அதைப் பார்க்க எனக்கு ஆசையாக இருந்தது. வாய் ஊறியது என்றே சொல்லலாம்.

தண்டின் ஆணியைப் பக்கத்தில் முழங்காலில் இருந்துதான் கழற்ற வேண்டும் என்று நான் காட்டித் தந்திருந்தேன். ஆனால் நிலம் ஈரம், உங்களுடையது பட்டு வேட்டி. ஊத்தையாகிவிடும் என்று முழங்காலில் இருக்காமல், வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இரண்டு வாகனத்துக்கும் நடுவே போய்க் குனிந்தீர்கள். சரிவில் ஜீப் தண்டை அழுத்திக்கொண்டு நின்றதால் ஆணி இறுகியிருந்தது. சுத்தியல் கேட்டீர்கள், யாரோ எடுத்துத் தந்தார்கள். நீங்கள் மூன்று தரம் தட்டும் வரைக்கும் எனக்கு நேரம் இருந்தது. நாலாவதில் ஆணி பறந்தது. எலுமிச்சம்பழம் இரண்டும் நசுங்கியதைத்தான் முதலில் கண்டேன். நீங்கள் கத்தியது அதற்குப் பிறகு.

பதினொரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தீர்கள். இடுப்புக்குக் கீழே ஒன்றும் சரியாக இருக்கவில்லை. இங்கே ஊருக்குள் கதை வேறு. நாவூறு என்றார்கள், கிழக்குப் பார்த்து நிறுத்தாதது பிழை என்றார்கள். ஐந்தாம் நாள் ஒரு பொலிஸ்காரி கேள்வி கேட்க வந்தாள். அக்கா கட்டில் தலைமாட்டில், நான் கால்மாட்டில். அன்று கோயில் முற்றத்தில் நான் வாயே திறக்காமல் நின்றது உங்களுக்குத் தெரியும். நீங்கள் என்னைப் பார்த்துக்கொண்டே ஜெர்மனில் அவளுக்குச் சொன்னீர்கள், பிறகு அக்காவுக்குத் தமிழில்.

"மைஸ்டர் சொன்னவர். கட்டையை எடுக்க வேண்டாமெண்டு தெளிவாச் சொன்னவர். நான்தான் கேக்கேல்லை."

சொல்லிவிட்டு ஒரு பக்க உதட்டால் சிரித்தீர்கள். அது இரக்கமா? நான் உங்களோடு இருபத்தாறு வருடம் பழகியவன். இரக்கப்படும்போது உங்கள் முகம் அப்படி இருக்காது. வாழ்நாள் முழுக்க உங்களுக்கு நன்றி சொல்ல எனக்கு இன்னொரு காரணம் தந்துவிட்டுப் போனீர்கள், அதுவும் யாருக்கும் சொல்ல ஏலாத காரணம். உங்களுக்கு ஒரு கும்பிடு அத்தான். என்னைவிட நீங்கள் கெட்டிக்காரர்தான்.

அக்கா உங்களுக்காக அழுவதில்லை. உங்கள் படத்துக்கு விளக்கு வைக்கும்போதும் திட்டிக்கொண்டுதான் வைக்கிறார். கனடாவில் இருந்து யார் போன் எடுத்தாலும் "என்ரை தம்பி படிச்சுப் படிச்சுச் சொன்னவன், மனுசன் திமிரிலை செத்தது" என்கிறார். உங்கள் பிள்ளைகள் இப்போது என்னை மாமா என்று மரியாதையாகக் கூப்பிடுகிறார்கள். எதைச் சாப்பிட்டாலும் எனக்கு உடம்பில் ஒட்டுவதில்லை.

போன ஞாயிறு அக்கா எனக்குப் புட்டு அவித்துப் போட்டுவிட்டு எதிரே இருந்தார். பிறகு கேட்டார்:

"தம்பி, அண்டைக்கு அவரிட்டை என்னெண்டு சொன்னனீ? ஒருக்காச் சொல்லு பாப்பம்."

நான் புட்டைக் குழைத்துக்கொண்டே சொன்னேன். "அத்தான், ஹாண்ட் பிரேக் இழுக்கேல்லை, கட்டையை எடுக்காதேங்கோ எண்டு சொன்னனான்."

"அவருக்குக் கேக்கக்கூடியதாச் சொன்னனியோ?"

"ஓம் அக்கா" என்றேன். "சத்தமாத்தான் சொன்னனான்."