சொல்லி முடிக்குமுன் வந்த சிரிப்பு

மச்சான்,

நேற்று மத்தியானம் வீட்டில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. நான் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தேன். இளவட்டம் ஒருத்தன் தலையில் வெள்ளை முடியை ஒட்டிக்கொண்டு, கம்பை ஊன்றி, கூனிக்கொண்டு வந்தான். மகனாக நடித்தவன் அவன் பிடரியில் ஒன்று போட்டு, "ஏ பெருசு, இன்னும் போய்ச் சேரலையா?" என்றான். கிழவன் பதில் சொல்ல வாயெடுத்தான். அதற்குள் அந்தச் சிரிப்புச் சத்தம் வந்துவிட்டது. எப்போதோ சிரித்ததைப் பிடித்து அடைத்து வைத்து, வேண்டியபோது அவிழ்த்துவிடுகிற சிரிப்பு. அது காதில் விழுந்ததும் கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டேன். உங்கள் நினைப்பு வந்துவிட்டது.

எனக்கு எழுத்துத் தெரியாது என்பது உங்களுக்குத் தெரியும். நான் சொல்லச் சொல்ல மருமகள் எழுதுகிறாள்.

உங்கள் தங்கச்சியைக் கட்டிய அன்றிலிருந்து நான் உங்களைக் கேலி செய்தேன், நீங்கள் என்னைச் செய்தீர்கள். மாமன் மச்சானுக்குள் அது உண்டு. அண்ணன் தம்பிக்குள் கிடையாது, பெற்ற தகப்பனிடம் கிடையவே கிடையாது. அதிலும் ஒரு ஒழுங்கு இருந்தது. கேலி செய்தவன் வாயை மூடிக்கொண்டு எதிராளியின் பதிலுக்கு நிற்க வேண்டும். கூட்டமும் நிற்கும். நீங்கள் பாதி சொல்லிவிட்டு நிறுத்துவீர்கள். வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றுவீர்கள். உங்கள் ஊர் பரளச்சியே உங்கள் வாயைப் பார்த்துக்கொண்டு கிடக்கும். பிறகு மீதியைப் போடுவீர்கள். கிடையில் படுத்த ஆடுகூட எழுந்து நிற்கும் அளவுக்குச் சிரிப்பு கிளம்பும்.

டிவியில் கிழடுகளைக் கேலி செய்வதைப் பார்த்து நாம் இரண்டு பேரும்கூடச் சிரித்தவர்கள்தான். அது யாரையோ சொல்கிறது என்று இருந்தோம்.

என் மகன் பெண்ணை உங்கள் மகன் பையனுக்குக் கொடுத்தோமே, அருப்புக்கோட்டை மண்டபத்தில். மாப்பிள்ளை வீட்டாரை வாசலில் மறித்துக் கேலி பேசித்தானே உள்ளே விடுவோம்? அன்றைக்கு ஒலிபெருக்கிக்காரன் மைக்கை நம் இருவருக்கும் நடுவில் நீட்டினான். நான் தொடங்கினேன்.

"ஏன் மச்சான், தண்ணியில்லாத ஊருன்னு ஒருத்தரும் பொண்ணு தரலையாம்ல? கடைசியில எங்க நரிக்குடிப் பக்கந்தான் வரணுமா?"

நீங்கள் துண்டை உதறித் தோளில் போட்டீர்கள். "ஆமா மாப்ளே. அதனாலதான எந் தங்கச்சிய அன்னைக்கே ஒங்க ஊருக்கு அனுப்புனோம், அவளாவது தண்ணியப் பாக்கட்டும்னு. அங்க வந்து பாத்தா..."

நிறுத்தினீர்கள். வழக்கம்போல நிறுத்தினீர்களா, மறந்துபோய் நின்றீர்களா, இன்றுவரை எனக்குத் தெரியாது. ஒலிபெருக்கிக்காரன் வெளியூர்ப் பையன். பேச்சு தொய்ந்துவிட்டது என்று நினைத்து, கைகொடுப்பதாக எண்ணி, அந்த டிவிச் சிரிப்பைப் போட்டுவிட்டான். அதைக் கேட்டதும் போனைத் தூக்கிப் பிடித்திருந்த பிள்ளைகள் எல்லாம் சிரித்தார்கள். "தாத்தா ஹேங்காயிட்டாருடோய்!" என்று ஒருத்தன் கத்தினான். அவனும் உங்கள் பேரன்தான். கெட்டவன் இல்லை. டிவியில் அப்படித்தான் கத்துகிறார்கள்.

நீங்கள் துண்டை எடுத்து மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, ஓரத்து நாற்காலியில் போய் உட்கார்ந்தீர்கள். பந்தியில்கூட வாய் திறக்கவில்லை.

பிறகு ஒருநாள் உங்கள் மருமகள் போன் போட்டாள். "மாமா, அவுக பேசுறதையே விட்டுட்டாக. எது கேட்டாலும் தலைய ஆட்டுறாக. சாப்பாடுகூட உள்ள எடுத்துட்டுப் போயி தனியாத்தான். நீங்க ஒருக்கா வாங்களேன்."

திருச்சுழி வழியாக பஸ் பிடித்து வந்தேன். வேப்ப மரத்தடியில் கட்டிலில் கிடந்தீர்கள். நானும் ஏதேதோ சொல்லி உங்களைச் சீண்டினேன். பல்லைக் கேலி செய்தேன், நடையைக் கேலி செய்தேன். வெகுநேரம் கழித்துத்தான் வாய் திறந்தீர்கள்.

"வேணாம் மாப்ளே. பேசுனா சிரிக்கிறாக."

"சிரிக்கத்தான மச்சான் பேசுறது?"

"முன்னெல்லாம் நாஞ் சொல்லி முடிச்சப்புறம் சிரிச்சாக."

நான் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன். பிறகு கேட்டேன். "சரி, மண்டபத்துல பாதியில நிக்குதே, அத முடிங்க. அங்க வந்து பாத்தா?"

நீங்கள் பேசவில்லை. நானும் எழுந்திருக்கவில்லை. ஒரு பஸ் போனது, விட்டுவிட்டேன். மேயப் போன ஆடுகள் வந்து பட்டியில் அடைந்தன. உங்கள் மருமகள் வந்து எட்டிப் பார்த்தாள். சும்மா இரு என்று கையைக் காட்டினேன். அப்போது வெற்றிலை கன்னம் மாறியது.

"அங்க வந்து பாத்தா, கண்மாய் நெறையத் தண்ணி கெடக்கு மாப்ளே. எந் தங்கச்சி புருசன்தான் குளிக்கிறதில்ல!"

உங்கள் மருமகள் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நான் சிரித்ததில் இருமல் வந்துவிட்டது. நீங்கள் மட்டும் சிரிக்காமல் மோவாயைத் தூக்கி என் பதிலுக்குக் காத்திருந்தீர்கள். எனக்கு ஒன்றும் வாயில் வரவில்லை. கடைசி பஸ்ஸும் ஆரன் அடித்துவிட்டது. "அடுத்தவாட்டி வந்து தாரேன்" என்று ஓடினேன்.

அடுத்தமுறை வந்தபோது உங்களைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள்.

உங்களைப் போல வாழ்ந்து முடித்தவருடைய சாவில் மச்சான்மார் கேலி பேசுவது வழக்கம். எல்லாரும் என் வாயைப் பார்த்தார்கள். எனக்கு வரவில்லை. கோபமோ என்றுகூடச் சிலர் நினைத்திருப்பார்கள்.

இந்த வீட்டில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. வேளைக்குச் சோறு வருகிறது. நான் செருப்பைக் கால் மாற்றிப் போட்டால் பிள்ளைகள் சிரிக்கிறார்கள், பிறகு டிவியைப் பார்க்கத் திரும்பிக்கொள்கிறார்கள். என்னை ஒன்று சொல்லிவிட்டு, நான் என்ன சொல்லப்போகிறேன் என்று நிற்க ஒருவரும் இல்லை. நீங்கள் போனதில் எனக்கு ஆன நட்டம் அதுதான் மச்சான்.

உங்கள் கேலிக்கான பதிலை மட்டும் இத்தனை நாளும் வாய்க்குள்ளேயே வைத்திருக்கிறேன். நேற்றுத்தான் அது திரண்டு வந்தது. எழுதலாமா என்று மருமகள் யோசிக்கிறாள். எழுதம்மா என்றேன்.

மச்சான், நான் குளிக்காதவனாகவே இருந்துவிட்டுப் போகிறேன். நீங்கள் போன அன்று பரளச்சிக் குழாயில் சொட்டுத் தண்ணி இல்லை. உங்களைக் குளிப்பாட்ட எங்கள் கண்மாய்த் தண்ணியைத்தான் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தோம். குளிக்கிற ஆளு, ஊரை விட்டுப் போகிற அன்றைக்காவது சொந்தத் தண்ணியில் குளிக்கக் கூடாதா?

நிதானமாக யோசித்துச் சொல்லுங்கள். நீங்கள் முடிக்கும்வரை நான் சிரிக்க மாட்டேன்.