நிறத்துக்கு இருபது வருடம்

7 அக்டோபர் 2024, திங்கள்

காலையில் மாடி ஏறியதும் காலில் ஈரம் பட்டது. யாரோ தண்ணீர் குடித்துச் சிந்திவிட்டார்கள் என்று நினைத்தேன். நிமிர்ந்து பார்த்தால் கூரை ஷீட்டின் அடியில் ஒரு சொட்டு தொங்கிக்கொண்டிருக்கிறது. நேற்றைய மழை. கட்டி வைத்திருந்த குழந்தைப் பனியன்களில் மேல்கட்டு முழுக்க நனைந்து பழுப்பு வட்டம் வட்டமாகக் கறை. எல்லாம் வெள்ளைத் துணி. இனி வெளுத்தாலும் போகாது.

கீழே வீடு, மேலே தையல் யூனிட். திருப்பூர் வேலம்பாளையத்தில் பாதிப் பேர் இப்படித்தான் இருக்கிறோம். மொட்டை மாடியில் இரும்புத் தூண் நட்டு, நீலக் கலர் ஷீட் போட்டு, அதற்குள் மெஷின்கள். கூரை போட்டு இரண்டு வருடம்தான் ஆகிறது.

“இருபது வருச வாரண்டி இருக்குதல்ல. அதுக்கு எதுக்கு மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கற?” என்றார் இவர்.

இருக்கிறது. அட்டையைத் தேடி எடுத்தேன். பெரிய எழுத்தில் இருபது. மனசு கொஞ்சம் அடங்கியது.

9 அக்டோபர்

ஷீட் வாங்கிய கடைக்குப் போன் செய்தேன். எடுத்த பெண் மரியாதையாகத்தான் பேசினாள்.

“கம்பெனியில இருந்து ஆள் வந்து பாப்பாங்க மேடம். அதுவரைக்கும் மேல யாரையும் ஏத்தீராதீங்க. தாரு, சிலிக்கான் எதாச்சும் பூசீட்டீங்கன்னா வாரண்டி போயிரும்ங்க.”

“எப்ப வருவாங்க?”

“வருவாங்க மேடம்.”

ஒழுகும் இடம் கண்ணுக்கு நேராகத் தெரிகிறது. கை வைக்கக் கூடாது. இது என்ன கணக்கு?

11 அக்டோபர்

மழை. இரண்டு வாளி, ஒரு பெயிண்ட் டப்பா, சமையலறையிலிருந்து பெரிய குண்டா. சொட்டுச் சத்தம் மெஷின் சத்தத்தையும் மீறிக் கேட்கிறது. அல்லது எனக்கு மட்டும்தான் கேட்கிறதோ?

13 அக்டோபர், ஞாயிறு

இன்று அண்ணனுக்குப் போன் போட்டேன். அண்ணன் என்றால் கூடப் பிறந்தவர் இல்லை. நங்கையா, அதாவது இவருடைய அக்கா சித்ரகலாவின் வீட்டுக்காரர், அருள்செல்வன். அருள்புரத்தில் ஷெட் போடும் பட்டறை வைத்திருக்கிறார். எங்கள் கூரையைப் போட்டுக் கொடுத்தவர் அவர்தான்.

“ஷீட்டுக் கோளாறா இருக்கும் அம்மிணி. கம்பெனிக்காரன உடாத. என்ர வேலையில ஒரு சொட்டு ஒழுகாது” என்றார். ஒருமுறை வந்து பார்த்துவிட்டுப் போங்கள் என்று சொல்ல வாய் வரவில்லை.

ஏன் வரவில்லை என்று எனக்கே தெரியும். இவர் பத்தாவது படிக்கும்போதே மாமனார் போய்விட்டார். அதன் பிறகு இவரை வளர்த்தது அக்கா வீடு. சோறு போட்டது, படிக்க வைத்தது, தையல் மெஷின் லைனில் சேர்த்துவிட்டது எல்லாம் அவர்கள்தான். நாங்கள் யூனிட் போடுகிறோம் என்றதும் அண்ணன் ஆட்களோடு வந்து நின்றார். ஷீட் மட்டும் நாங்கள் வாங்கினோம். கூலி ஒரு பைசா வாங்கவில்லை. “என்ர மச்சானுக்கு நான் செய்யற சீருன்னு வெச்சுக்க” என்றார். இவர் அன்றைக்கு அழுதுவிட்டார்.

சீராக வந்ததை எப்படிக் குறை சொல்வது?

16 அக்டோபர்

மதியம் கரண்ட் இல்லை. அட்டையின் பின்பக்கத்தைப் படித்தேன். கல்யாணத்துக்கு முன்னால் எக்ஸ்போர்ட் கம்பெனியில் வெளிநாட்டுக்காரர்களின் மெயிலை வரி வரியாகப் படித்துப் பழகியவள்தான். இந்த எழுத்துக்குக் கண்ணாடி வேண்டியிருந்தது.

இருபது வருடம் என்பது பெயிண்டுக்காம். பெயிண்ட் உரிந்தாலோ, ஷீட் துருப்பிடித்து ஓட்டை விழுந்தாலோதான் பேச்சு. அப்போதும் புது ஷீட்டின் முழு விலை கிடைக்காது, வருடம் கூடக் கூட அவர்கள் பங்கு குறைந்துகொண்டே வரும். பழையதைக் கழற்றுவதும் புதியதை மாட்டுவதும் நம் செலவு. காற்று, புயல், ஆள் மிதித்த பள்ளம், சாயப்பட்டறைப் புகை எதற்கும் பொறுப்பில்லை. சாயப்பட்டறைப் புகை! திருப்பூரில் அது இல்லாத கூரை எங்கே இருக்கிறது?

திருகும் பொருத்தும் வேலையும் இதில் அடங்காது. ஒழுகல் என்ற வார்த்தையே ‘அடங்காதவை’ என்ற தலைப்புக்குக் கீழேதான் வருகிறது.

மூன்று தரம் படித்தேன். நான்தான் தப்பாகப் புரிந்துகொள்கிறேனோ என்று. இல்லை. கூரைக்கு வாரண்டி இல்லை. கூரையின் நிறத்துக்குத்தான்.

இவரிடம் சொன்னேன். “அதெல்லாம் சும்மா போட்டிருப்பாங்க. ஆள் வந்து பாக்கட்டும்” என்றார்.

19 அக்டோபர்

ஆள் வரவில்லை. மழை வந்தது.

21 அக்டோபர், திங்கள்

தீபாவளி வாரம் நெருங்குகிறது. சரக்குக் கொடுத்த கம்பெனி தினம் மூன்று தடவை கூப்பிடுகிறது. ஒழுகும் இடத்தை விட்டு விட்டு மெஷின்களை நெருக்கிப் போட்டிருக்கிறோம். ஒருவர் எழுந்தால் இன்னொருவர் எழுந்து வழி விட வேண்டும். வெள்ளையம்மாள் தலையில் பிளாஸ்டிக் கவரைக் கட்டிக்கொண்டு தைக்கிறாள். தென்காசிப் பக்கத்துக்காரி. யூனிட் தொடங்கிய நாளிலிருந்து எங்களோடு இருக்கிறாள்.

“யக்கா, ஊர்ல எங்க வீடு ஓலை. அதுகூட இப்படி ஒழுகாது” என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வெளியிலிருந்து ஒரு ஆளை வைத்து அடைத்துவிடலாம் என்றேன். வாரண்டி போய்விடும் என்றார் இவர். வாரண்டியே இல்லை என்று அட்டையை நீட்டினேன். அதற்கப்புறம்தான் உண்மையான காரணத்தைச் சொன்னார்.

“மச்சான் போட்ட கூரை மேல வேற ஆளை ஏத்தச் சொல்றயா? அக்கா மூஞ்சில நான் எப்படி முழிக்கறது?”

ஆக, கம்பெனியும் சரி செய்யாது. நாமும் செய்யக் கூடாது. அண்ணனையும் கேட்கக் கூடாது. கேட்காமல் வேறு ஆளையும் கூப்பிடக் கூடாது. எந்தப் பக்கம் போனாலும் ஒரு கதவு, அதற்கு ஒரு பூட்டு. மழைக்கு மட்டும்தான் உள்ளே வர வழி இருக்கிறது.

23 அக்டோபர், புதன்

எழுத்து கோணலாக வருகிறது, பரவாயில்லை.

பதினொரு மணி இருக்கும். நல்ல மழை. புதிதாக ஒரு இடத்தில் ஒழுகி, சுவரோரமாக இறங்கி, சுவிட்ச் போர்டுக்குள் போயிருக்கிறது. யாரும் கவனிக்கவில்லை. நானும் கவனிக்கல. வெள்ளையம்மாள் மெஷினைப் போடச் சுவிட்சில் கை வைத்தாள்—

சத்தம்கூட வரல. அப்படியே ஒட்டிக்கிட்டு நின்னா. இவர்தான் ஓடிப்போய் மெயினை அணைத்தார். அவள் பின்னால் விழுந்தாள். பனியன் கட்டு மேல் விழுந்ததால் தலை தப்பியது.

ஆஸ்பத்திரியில் இதயம் நன்றாக இருக்கிறது என்றார்கள். வலது உள்ளங்கை மட்டும் வெந்திருக்கிறது. சாயங்காலம் அவள் தங்கியிருக்கும் அறையில் கொண்டுபோய் விட்டேன். கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு சொன்னாள்:

“நாளைக்கு வரேன்க்கா. ஆனா மெசினை நகத்திப் போடுங்க. இல்லைன்னா என்னை ஊருக்கு அனுப்பி வச்சிருங்க. எனக்குப் பிள்ளை இருக்கு.”

கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

மழை நிற்கும் வரை மேலே யாரும் ஏறக் கூடாது என்று சொல்லிவிட்டேன். மாடிக் கதவைப் பூட்டிச் சாவியை என்னிடம் வைத்துக்கொண்டேன். தீபாவளிச் சரக்கு போனால் போகட்டும்.

25 அக்டோபர்

இன்றைக்குப் பார்த்து கம்பெனி ஆள் வந்தார். வேல்குமார் என்று பெயர். சின்ன வயது, பொறுமையான ஆள். ஏணி போட்டு ஏறி, கூரை முழுக்கக் குனிந்து பார்த்துவிட்டு இறங்கினார்.

“ஷீட்டு நல்லா இருக்குதுங்க. பெயிண்டு போகலை, துரு இல்லை. திருகைத்தான் ரொம்ப முறுக்கீட்டாங்க. அடியில இருக்கற ரப்பர் வாஷர் பிளந்துருச்சு. ஷீட்டு மேல ஷீட்டு ஏறி நிக்கற எடமும் பத்தலை. இது பொருத்துனதுல வந்த குறைங்க. எங்க வாரண்டில இது வராதுங்க.”

“அப்ப எங்களுக்கு யாருங்க பொறுப்பு?” என்று கேட்டேன்.

“பொருத்துனவர் பில்லு குடுத்திருந்தா அவர்கிட்டக் கேக்கலாம்ங்க. பில்லு இருக்குதுங்களா?”

நான் இவரைப் பார்த்தேன். சீருக்கு ஏது பில்?

வேல்குமார் போகும்போது, “தப்பா நினைச்சுக்காதீங்க. நான் பாக்கற பத்துல எட்டு இப்படித்தாங்க இருக்குது” என்றார். பாவம், அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. நல்ல ஷீட்டுக்கு அடியில்தான் நாங்கள் நனைந்திருக்கிறோம்.

ஆள் போன பிறகு இவர் சொன்ன ஒரே வார்த்தை: “இது மச்சான் காதுக்குப் போகக் கூடாது.”

27 அக்டோபர், ஞாயிறு

போனேன். இவரிடம் சொல்லிவிட்டேதான் போனேன். “போறேன், அண்ணன்கிட்ட நானே பேசறேன்” என்றேன். தடுக்கவும் இல்லை, கூட வரவும் இல்லை.

அருள்புரம் போய்ச் சேரும் வரைக்கும் வண்டியில் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். அங்கே போனதும் எல்லாம் மறந்துவிட்டது. நங்கையா பலகாரத்துக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தார். “வா தமிழு, வா கண்ணு” என்று காப்பி கொடுத்தார். காப்பி ஆறும் வரைக்கும் கையில் வைத்துக்கொண்டிருந்தேன்.

பிறகு சொன்னேன். வெள்ளையம்மாளைப் பற்றி முதலில். அப்புறம் கம்பெனி ஆள் பார்த்தது. வாஷர் பிளந்திருக்குதாம்ங்கண்ணா, கொஞ்சம் ஆட்களை அனுப்பி மாத்திக் குடுத்தீங்கன்னா, கூலி நாங்க குடுத்தர்றோம்ங்க என்றேன்.

கூலி என்ற சொல்லைச் சொல்லியிருக்கக் கூடாதோ?

அண்ணன் முகம் கறுத்துவிட்டது. “முப்பது வருசமா ஷெட்டுப் போடறேன். என்ர வேலைக்கு நேத்துப் பொறந்த பையன் வந்து மார்க் போடறானா? அதைய நீயும் கொண்டாந்து என்ர ஊட்டுலயே படிக்கறயா அம்மிணி?”

நங்கையா மாவுக் கையோடு எழுந்து நின்றார். “சும்மா செஞ்சு குடுத்ததுக்கு நல்ல பேரு வாங்கியாச்சு. செரி, நீ கெளம்பு தமிழு.”

அந்த வீட்டில் சாப்பிடாமல் நான் திரும்பியது இதுதான் முதல் தடவை. பல்லடம் ரோட்டில் ஓரமாக வண்டியை நிறுத்தி அழுதேன். ஒரு வேன்காரர் என்னாச்சுங்க என்று கேட்டார். கண்ணில் தூசி என்றேன்.

29 அக்டோபர்

அண்ணனிடமிருந்து போன் வரவில்லை. ஆட்களும் வரவில்லை.

நாளைக்கு வேறு ஆளை வரச் சொல்லிவிட்டேன்.

30 அக்டோபர், புதன்

மூன்று பேர் வந்தார்கள். பகல் முழுக்க மேலே சத்தம். ஒவ்வொரு திருகாகக் கழற்றினார்கள், புது வாஷர் போட்டார்கள், இரண்டு பக்கமும் ஷீட்டை இழுத்து ஏற்றிக் கட்டினார்கள். இனி அந்த அட்டைக்கு மதிப்பே இல்லை. கடைப் பெண் கேட்டால் மயக்கம் போட்டுவிடுவாள். இந்த முறை செய்த வேலைக்கு மட்டும் தனியாக எழுதி, கையெழுத்து வாங்கிக்கொண்டேன். ஒழுகினால் அவர்களே வந்து பார்க்க வேண்டும் என்று.

இவர் காலையிலேயே வெளியே போய்விட்டார். அவர்கள் போன பிறகுதான் வந்தார். அவராகவே மாடிக்கு ஏறினார். பழைய திருகுகளை ஒரு டப்பாவில் போட்டு வைத்திருந்தார்கள். ஒன்றை எடுத்து விரலால் வாஷரைத் தொட்டார். பொடியாக உதிர்ந்தது. இன்னொன்றை எடுத்தார். அதுவும். நான் படியிலேயே நின்றுகொண்டேன்.

“மச்சானுக்கும் தெரியாதல்ல” என்றார். “தெரிஞ்சு செய்யலை.”

“தெரிஞ்சு செஞ்சாருன்னு நான் எப்பங்க சொன்னேன்?” என்றேன்.

31 அக்டோபர், தீபாவளி

நங்கையா வீட்டிலிருந்து பலகாரம் வரவில்லை. நாங்களும் போகவில்லை. இவர் புதுச் சட்டையைப் பிரிக்கவே இல்லை.

9 நவம்பர்

பெரிய மழை. வெள்ளையம்மாள் கைக்கட்டைப் பிரித்துவிட்டாள், பொத்தான் ஓட்டை போடும் காஜா மெஷினில் உட்கார்கிறாள், சுவிட்சை மட்டும் இன்னும் வேறு யாராவதுதான் போட்டுக் கொடுக்க வேண்டியிருக்கிறது. எல்லோரும் ஒரு தரம் மேலே பார்த்தார்கள். அப்புறம் தைக்கத் தொடங்கிவிட்டார்கள்.

தரை காய்ந்திருக்கிறது. எனக்குச் சந்தோஷமாக இருக்க வேண்டும்தானே?

15 ஜனவரி 2025

பொங்கலுக்கும் அங்கிருந்து யாரும் வரவில்லை. இவர் அக்காவுக்குப் போன் போட்டார். அக்கா எடுத்தாராம். “சரி, வைக்கட்டுமா” என்றதோடு முடிந்ததாம். இவர் என்னிடம் கோபமாக ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்லியிருந்தால் தேவலை. பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறார், தட்டைக் கழுவி வைக்கிறார், மாடிக்குப் போகிறார். ஊரெல்லாம் சொந்தம் வந்து போகிற நாளில் எங்கள் வாசலில் எங்கள் செருப்பு மட்டும் கிடக்கிறது.

2 மார்ச் 2025, ஞாயிறு

காலையில் போன். நங்கையா. எடுத்ததும் நலம் விசாரிக்கவில்லை.

“தமிழு, சோலார்ல தண்ணி காயற டேங்க் ஒண்ணு வாங்கலாம்னு இருக்கோம். கடைக்காரன் கட்டுக் காயிதம் குடுத்திருக்கான். அத்தனையும் இங்கிலீசு. நீ வந்து படிச்சுச் சொல்லோணுமாம்.”

“யாருங்க சொன்னது?”

“உங்கண்ணன்தான்.”

இருவரும் போனோம். அண்ணன் சோபாவில் உட்கார்ந்திருந்தார். “வாங்க” என்று பொதுவாகச் சொன்னார், எங்கள் இரண்டு பேரையும் பார்க்காமல். நங்கையா இவருக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு, “எளச்சுப் போயிட்டயேடா” என்றார். எனக்கும் கொடுத்தார்.

நான் முன்பக்கத்தைப் படிக்கவில்லை. நேராகப் பின்பக்கத்துக்குப் போனேன். டேங்குக்கு எத்தனை வருடம், குழாய்க்கு எத்தனை, உப்புத் தண்ணீர் என்றால் என்ன ஆகும் என்று தமிழில் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தேன். முடிக்கும் நேரத்தில் அண்ணன் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“இதுல, மாட்டற வேலைக்கு யாரு பொறுப்புன்னு போட்டிருக்குதா அம்மிணி?”

“இல்லீங்கண்ணா. போடலீங்க.”

காகிதத்தை என் கையிலிருந்து வாங்கி மடித்தார்.

“அப்ப அதைத் தனியா எழுதி வாங்கோணும்” என்றார். பிறகு இவரைப் பார்த்து, “எந்திரிடா, சாப்பிடலாம்” என்றார்.